ஈரக் காயோடு விழுப்புரம் வரை

சிங்கப்பூர் போனவர்கள் எழுதுகிறார்கள், லண்டன் போனவர்கள் எழுதுகிறார்கள். நான் விழுப்புரம் போனேன். என்னைக் கேட்டால் விழுப்புரமும் வெளிநாடுதான். நாம் பேசுவது அங்கே ஆபீஸில் யாருக்கும் புரிவதில்லை, அவர்கள் எழுதுவது நமக்குப் புரிவதில்லை, காகிதம் இல்லாமல் உள்ளே விடுவதும் இல்லை. வெளிநாட்டுக்கு வேறு என்ன வேண்டும்? நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். எழுதுவதற்கு இன்னும் நேரம் பிடிக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெரு ஒலக்கூர் பக்கம். எங்களுக்கு நிலம் கிடையாது. மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பிடுங்கும் காலத்தில் செடியிலிருந்து காய் ஆய்வதுதான் எங்கள் தெருப் பெண்களுக்கு வேலை. கூலியைக் காயாகவே கொடுப்பார்கள், ஆய்ந்ததில் ஒரு பங்கு. மண்ணும் ஈரமுமாக வரும். நாலைந்து நாள் நல்ல வெயிலில் காய்ந்து, காதோரம் குலுக்கினால் பருப்பு சத்தம் போட வேண்டும். அப்போதுதான் அதற்கு விலை.

காய வைக்கக் களம் வேண்டும். நிலம் வைத்திருப்பவர்களுக்குக் களம் உண்டு, ஆனால் அவர்கள் காய்க்கே அதில் இடம் போதாது. நாங்கள் தார் ரோட்டில் கொட்டிக் காய வைத்தோம். பைக்கில் வந்த ஒருவர் அதில் சறுக்கி விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டார். அதிலிருந்து ரோட்டில் ஒரு காய்கூடக் கொட்டக் கூடாது என்றாகிவிட்டது. வீட்டுக்குள் கொட்டினால் பூஞ்சை பிடிக்கிறது. ஆகவே ஆய்ந்த சூட்டோடு, ஈரத்தோடு மண்டிக்குப் போகிறது. ஈரக் காய்க்கு மண்டிக்காரர் சொன்னதுதான் விலை.

இந்த நேரத்தில்தான் சிமென்ட் களம் கட்டித் தருகிற திட்டம் ஒன்று வந்தது. ஏழைத் தெருவாகப் பார்த்துக் கொடுப்பார்களாம். எந்தத் தெரு ஏழை என்று கண்டுபிடிக்க, சிலேட்டு மாதிரி ஒரு கம்ப்யூட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண் வந்தது. முதல் வீடு என் வீடு.

“மூணு வேளையும் சாப்பிடறீங்களாம்மா?” என்று கேட்டது.

வாசலில் வந்து நின்று சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிற அந்நியரிடம் இல்லை என்று எங்கள் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை. அடுப்பே மூட்டியிருக்க மாட்டோம், “சாப்பிட்டீங்களா” என்றால் வாய் “ஆச்சு” என்றுதான் சொல்லும். நானும் “அதெல்லாம் நல்லா சாப்பிடறோம்” என்றேன். ஃபிரிட்ஜ் இருக்கிறதா என்றது. இருக்கிறது. சென்னையில் என் மகன் வேலை பார்த்த வீட்டில் கெட்டுப்போய்த் தூக்கிக் கொடுத்தது. எலிக்குப் பயந்து என் நல்ல சேலைகளை அதற்குள் வைத்திருக்கிறேன். “இருக்கு” என்றேன். டிவி, ஃபேன், மிக்ஸி எல்லாம் அரசாங்கம் கொடுத்தது. கொடுத்ததை அவர்களே வந்து எண்ணிக்கொண்டு போனார்கள். உடம்புக்கு ஏதாவது? “சேச்சே” என்றேன். முட்டி வலியை வழியோடு போகிற பெண்ணிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது?

என்னைப் பார்த்துத் தெரு முழுக்க அதே பதில். பக்கத்து வீட்டுப் பச்சையம்மா என் ஓரகத்தி, கொழுந்தனின் பெண்டாட்டி. அவள் ஒருபடி மேலே போய், ஏசி வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

களம் வேறு ஊருக்குப் போய்விட்டது. “உங்க தெரு வசதியான தெருன்னு வந்திருக்கு” என்றார்கள். கெடுத்தது நான். யாரும் அதை என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. பச்சையம்மா மட்டும் தினமும் சொன்னாள். இன்னொரு சுற்றுக் களம் கொடுக்கப் போகிறார்கள் என்றும், மாதக் கடைசிக்குள் பட்டியலை மூடிவிடுவார்கள் என்றும் தெரியவந்தது. அதற்குள் நான் போய், கேட்கிற இடத்தில், “நாங்க ஏழைங்க” என்று சொல்லியாக வேண்டும். அறுபத்தெட்டு வயது வரைக்கும் நான் அந்த வார்த்தையை வாயால் சொன்னதில்லை.

முதல் நாள் ஒலக்கூர், துணைக்குப் பச்சையம்மா. பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ். அன்றைக்கு வந்த டிரைவர் எங்களைப் பார்த்ததும் ஸ்டாப்பைத் தாண்டிக் கொண்டுபோய் நிறுத்தினார். பச்சையம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள்.

“இன்னாப்பா, டிக்கெட் இல்லன்னா பிரேக்கும் புடிக்காதா?”

“ஏறும்மா ஜல்தி. ஓசில வந்துக்கினு வாய் வேற” என்றார் கண்டக்டர்.

நான் படியில் ஒரு கால் வைத்துக்கொண்டே சொன்னேன். “தம்பி, நான் வாங்கற சோப்புல வரி, தீப்பெட்டில வரி, இவ பூசிக்கினு இருக்கற பவுடர்ல வரி. அதுலதான் இந்த பஸ்ஸு ஓடுது. நீதான் எங்க பஸ்ல ஓசில வர்ற.”

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டரும் சிரித்துவிட்டார், பாவம். ஆனால் என் பவுடரை எதற்கு இழுத்தாய் என்று ஒலக்கூர் வரைக்கும் பச்சையம்மா என்னோடு பேசவில்லை.

எந்த ஆபீஸ் என்று எழுதப் போவதில்லை. பெஞ்சு இருந்தது, உட்கார்ந்தோம். பதினொரு மணிக்கு வந்த கிளார்க் பன்னிரண்டு மணிக்கு எங்களைப் பார்த்தார்.

“கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சு ஆயா. ஏறினத எறக்க இங்க முடியாது. திண்டிவனம் போங்க.”

“ஏத்தும்போது எங்க வாசலுக்கே வந்து ஏத்தினீங்களே” என்றேன். அவர் அதற்குள் போனில் பேச ஆரம்பித்துவிட்டார்.

வெளியே ஒரு கடையில் டீயும் மசால் வடையும். வடையைப் பிட்டுப் பருப்பைத் தேடினேன். நாங்கள் ஏழையோ இல்லையோ, அந்த வடை ஏழை. அதைப் பட்டியலில் சேர்க்க யாரும் சிபாரிசு பண்ணத் தேவையில்லை.

நடுவில் சில நாள் காய் ஆயப் போனோம். போகாவிட்டால் சோற்றுக்கு என்ன செய்வது? பிறகு ஒருநாள் காலையில், முந்தின நாள் கூலிக் காயை ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு திண்டிவனம் கிளம்பினோம். மண்டியில் போட்டுவிட்டு அப்படியே ஆபீஸைப் பார்ப்பது என்று திட்டம். பஸ்ஸில் எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் இல்லை, மூட்டைக்கு உண்டு. “மூட்டை ஆம்பளயாட்டம் இருக்குது யக்கா” என்றாள் பச்சையம்மா.

பஸ் ஸ்டாண்டில் இறக்கும்போது மூட்டை ஆணியில் மாட்டிக் கிழிந்துவிட்டது. காய் நாலா பக்கமும் ஓடியது. முகம் தெரியாத ஜனம் குனிந்து பொறுக்கித் தந்தது. முழுக்கை சட்டை போட்ட ஒருவர் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார். இரண்டு ஆடுகளும் உதவிக்கு வந்தன. பச்சையம்மா ஒன்றின் வாயைப் பிளந்து ஒரு காயை வெளியே எடுத்தாள். எடுத்து அதையும் மூட்டையில் போட்டாள்.

மண்டிக்காரரை நாங்கள் முதலாளி என்போம். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். போனதும் ஸ்டூல் எடுத்துப் போடச் சொல்வார். ஒரு காயை எடுத்துக் காதோரம் குலுக்கினார்.

“சத்தமே காணோமே ஆயா?”

“நேத்து செடியில இருந்த காயி, முதலாளி. அதுக்குள்ள பாட்டா பாடும்?”

“அப்ப காய வச்சுக்கினு வாயேன். நானா வாணாங்கறேன்?”

காய வைக்க எங்களுக்கு இடமில்லை என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். அவர் சொன்ன விலைக்குத் தலையாட்டினேன். எடை போடும்போது கடையின் பின்கதவு திறந்திருந்தது. பின்னால் பெரிய களம், பாய் விரித்த மாதிரி காய். நாங்கள் போன வாரம் போட்டது. வெயிலில் வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. அது இன்னும் ஒரு மாதமானாலும் கிடக்கும், நல்ல விலை வரும்போதுதான் நகரும். என் கையில் ஒரு ராத்திரி தங்காத காய், கதவைத் தாண்டியதும் அவ்வளவு நிதானமாகப் படுத்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. பச்சையம்மாவுக்கு வரவில்லை.

ஆபீஸில் ஒரு சுற்றுகிற ஃபேன் மட்டும் இருந்தது. எல்லாரும் விழுப்புரத்தில் மீட்டிங்காம், மறுநாளும் உண்டாம்.

“இன்னா மீட்டிங்குங்க?” என்று காவலுக்கு இருந்தவரைக் கேட்டேன்.

“ஏழ்மைய ஒழிக்கறதுக்கு.”

“நாமளும் அங்கயே போயிடலாம் யக்கா” என்றாள் பச்சையம்மா. “நம்மளப் பாத்தாங்கன்னா கையோட ஒழிச்சுடுவாங்க.”

அன்றைக்குச் சாப்பாடு புரோட்டா. திண்டிவனத்துப் புரோட்டாவைக் குறை சொல்ல மாட்டேன். சால்னாவில் கறி இருந்ததாகக் கடைக்காரர் சொன்னார். நம்பினேன். வாயால் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்வதுதானே இப்போது முறை.

மறுநாள் விழுப்புரம். குளித்து, ஃபிரிட்ஜைத் திறந்து, அரக்கு பார்டர் போட்ட சேலையைக் கட்டிக்கொண்டேன். பச்சையம்மா வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்தாள்.

“ஏழன்னு சொல்லப் போற. பட்டு கட்டிக்கினு வர்றியே.”

“ஏழன்னு சொல்றதுக்கு அழுக்காவா போவணும்? மூடிக்கினு நட.”

கூட்டேரிப்பட்டில் காலேஜ் பிள்ளைகள் ஏறின. என் மடியில் மூன்று பை, ஒரு டிஃபன் பாக்ஸ், யாருடையதென்று தெரியாத ஒரு குடை. விக்கிரவாண்டியில் கண்டக்டர் டீ குடிக்க இறங்கினார். ஏதோ ஒரு பிள்ளை வாயிலேயே விசில் அடிக்க, டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். கண்டக்டர் டீ கிளாஸோடு பின்னால் ஓடிவந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. நாங்கள் கத்தி நிறுத்துவதற்குள் நெடுந்தூரம் வந்துவிட்டோம். மூச்சு வாங்க ஏறியவர் முதலில் எங்களைத்தான் முறைத்தார். விசில் அடிக்க எனக்குப் பல் ஏது?

விழுப்புரத்தில் காலை டிபன் பொங்கல். நெய் வாசனை இருந்தது, நெய் இல்லை. சாம்பார் மட்டும் சொல்லும்படி இருந்தது. நம் வீட்டுச் சாம்பாரில் காய் கம்மி, உறைப்பு ஜாஸ்தி. அங்கே காய் ஜாஸ்தி, வெல்லமும் ஜாஸ்தி. இரண்டு கரண்டி கேட்டு வாங்கினேன்.

ஆபீஸ் வராந்தா நீளமாக இருந்தது. உள்ளே மீட்டிங் நடந்தது, பேச்சு மைக்கில் வெளியே கேட்டது. ஏழ்மைக்குக் காரணம் என்னவென்று ஒருவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மக்களிடம் படிப்பு இல்லை, சேமிக்கும் பழக்கம் இல்லை, திட்டமிடத் தெரியவில்லை.

“நாலு மணிக்கு எழுந்து திட்டம் போட்டுத்தான் வந்தோம்” என்றாள் பச்சையம்மா. “இவருதான் பத்தரைக்கு வந்தாரு.”

எங்கள் பெஞ்சிலேயே ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர். என் வயதுக்கு ஐந்தாறு குறைவாக இருக்கும். மஞ்சளும் பச்சையுமாகப் பெரிய பூப்போட்ட உடுப்பு, அதே துணியில் தலைக்கட்டு. இருப்பதிலேயே நல்லதைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று பார்த்ததுமே தெரிந்தது. மரியாதை தோன்றியது. கூடவே பேச்சை மாற்றிச் சொல்ல ஒரு பெண், கண்டமங்கலத்துக்காரி. அந்த அம்மாள் பெயர் கிரேஸ் என்றும், மலாவி என்கிற நாட்டில் பெண்கள் சங்கத்துத் தலைவி என்றும், ஊர் ஊராகச் சுற்றிப் பார்க்க அழைத்துவந்திருக்கிறார்கள் என்றும் சொன்னது.

வேகவைத்த மல்லாட்டை கொஞ்சம் மடியில் முடிந்து வைத்திருந்தேன். ஒருத்தர் எதிரில் தனியாகத் தின்பது எங்களுக்குப் பழக்கமில்லை. அந்த அம்மாளிடம் நீட்டினேன். ஒரு காயை எடுத்து, அதன் மூக்கில் கட்டைவிரலை வைத்து ஒரே அழுத்து. காய் டப்பி மாதிரி திறந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். ஆபீசர்கள் அப்படி உரிக்க மாட்டார்கள், இரண்டு கையால் பிய்ப்பார்கள். என் கட்டைவிரலைக் காட்டினேன், நகம் தேய்ந்து ஓரம் வெடித்தது. அவர் தன்னுடையதைக் காட்டினார். அதேதான்.

“உங்க ஊர்லயும் ஆய்வீங்களா?” என்று கேட்கச் சொன்னேன்.

அந்தப் பெண் கேட்டுச் சொன்னது: “ஆய்வாங்களாம். புடுங்கினதும் ஈரத்தோடவே வித்துடுவாங்களாம். வாங்கறவங்க லாரியோட காட்டோரத்துலயே வந்து நிப்பாங்களாம். எங்க ஊரு மட்டுமில்ல, எங்க நாடே அப்படித்தான், அறுத்த கையோட குடுத்துட்டு அப்புறம் அதையே திருப்பி வாங்கறோம்னு சொல்றாங்க.”

“கணக்கெடுக்க யாராவது வந்தாங்களான்னு கேளு பாப்பா.”

கேட்டதும் கிரேஸம்மா தொடையில் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தார். சொல்லச் சொல்ல, மாற்றிச் சொல்ல வேண்டிய பெண்ணும் சிரித்தது.

“வர்றாங்கன்னு தெரிஞ்சதும் ஆட்டையெல்லாம் காட்டுக்குள்ள ஓட்டி ஒளிச்சிட்டாங்களாம். எங்ககிட்ட ஒன்னுமே இல்லன்னு சொன்னாங்களாம். அதனால, அதனால அவங்களுக்கு ஆடு குடுத்தாங்களாம்!”

“பாரு, பொழைக்கத் தெரிஞ்சவங்க” என்று பச்சையம்மா என் விலாவில் இடித்தாள். “நீ இன்னான்னா கெட்டுப்போன ஃபிரிட்ஜக் காட்டிக்கினு.”

“ஆடு வந்துது சரி. களம் வந்துதான்னு கேளு.”

கிரேஸம்மா சிரிப்பை நிறுத்திவிட்டுத் தலையை ஆட்டினார். வரவில்லை. ஈரக் காயை இப்போது கூடுதலாக வந்த ஆடுகளும் தின்கின்றனவாம். அங்கே இல்லை என்றார்கள், இங்கே இருக்கிறது என்றோம். இரண்டு ஊரிலும் யாரும் காய் எங்கே காய்கிறது என்று கேட்கவில்லை.

மதியத்துக்கு மேல், களப் பட்டியலைப் பார்க்கிற மேடம் எங்களை உள்ளே கூப்பிட்டார். கிரேஸம்மாவுக்கும் அதே நேரம்தான் கொடுத்திருந்தார்கள், எல்லாரும் சேர்ந்தே போனோம். மேடம் நல்ல மாதிரி. கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்துக்கொண்டு படித்தார்.

“உங்க வீட்டுல மூணு வேளை சாப்பாடு. ஃபிரிட்ஜ் இருக்கு, டிவி இருக்கு. வியாதி இல்ல. தெரு முழுக்க அப்படியே இருக்கு. இதுல என்னம்மா தப்பு?”

இதைச் சொல்லத்தான் வந்தேன். பச்சையம்மா பின்னாலிருந்து என் முழங்கையைக் கிள்ளினாள். என் வாய் திறந்தது.

“தப்பு ஒன்னும் இல்லீங்க” என்றேன்.

பச்சையம்மா தலையில் அடித்துக்கொண்ட சத்தம் எல்லாருக்கும் கேட்டது. “அவங்களுக்கு இல்லன்னு சொல்ல வாய் வராதுங்க மேடம். வரலன்னு சொல்றதுக்கும் வாய் வராது!”

மேடம் பேனாவை மூடி வைத்தார். “தப்பு இல்லன்னா நான் என்ன மாத்தறது? இன்னும் நிறைய பேர் நிக்கறாங்கம்மா.” வெளியே போகச் சொல்கிறார் என்று புரிந்தது. எழுந்தேன். என் கால் கதவுப் பக்கம் திரும்பிவிட்டது. அப்படியே போயிருந்தால் மானத்தோடு வீட்டுக்குப் போயிருப்பேன். மறுநாள் ஆய்ந்த காயும் அப்படியே மண்டிக்குப் போயிருக்கும், என் சாவு வரைக்கும் போய்க்கொண்டிருக்கும். கதவுவரை நடந்துவிட்டுத் திரும்பி வந்தேன். மடியில் மிச்சமிருந்த வேகவைத்த காயை எடுத்து மேடம் மேஜைமேல் வைத்தேன். இரண்டு கைப்பிடி இருக்கும்.

“மேடம், எங்க தெருவுல முப்பது பொம்பளைங்க ஆயறோம். இந்த மகசூல் முழுக்க ஆய்ஞ்சதுல எங்ககிட்ட மிச்சம் இருக்கறது இதான். என்னா இருக்குன்னு எங்களக் கேக்காதீங்க. எது கேட்டாலும் இருக்குன்னுதான் சொல்லுவோம், அப்டியே வளந்துட்டோம். கூலிக் காய எத்தினி நாளு வச்சிருப்பீங்கன்னு கேளுங்க.”

“எத்தனை நாள்?”

“ஒரு நாளு கூட முடியாதுங்க.” மேஜைமேல் கிடந்த காயைத் தொட்டுக் காட்டினேன். “காய வைக்க எடம் இல்ல. வச்சிருந்து விக்க எங்களால ஆவாது. அவ்ளோ ஏழைங்க நாங்க.”

கண்டமங்கலத்துப் பெண் கிரேஸம்மா காதில் சொன்னது. அவர் மேஜையைத் தட்டி ஏதோ சொன்னார். “எங்க ஊருக்கும் இதையே எழுதணும்னு சொல்றாங்க” என்றது அந்தப் பெண்.

மேடம் ஒரு காயை எடுத்து உரித்தார், இரண்டு கையால்தான். “இத முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா?”

“நீங்க கேக்கலீங்களே. ஃபிரிட்ஜத்தான கேட்டீங்க.”

சிரித்தார். மறு ஆய்வு என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் மடித்தேன்.

திரும்பும் பஸ்ஸில் பச்சையம்மா தூங்கிவிட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தேன். காத்திருந்தால் ஆதாயம் வருகிற இடத்தில் எங்களால் ஒரு நாள் காத்திருக்க முடியாது. காத்திருந்தால் கூலி போகிற இடத்தில், ஆபீஸ் பெஞ்சில், மூன்று நாள் உட்கார வைக்கிறார்கள். இதைத் திருப்பிப் போட்டால் போதும், மைக்கில் பேசியவருக்கு வேலை பாதியாகக் குறையும். கிரேஸம்மா சொன்னதைப் பார்த்தால் நாட்டுக்கும் இதுதான் கதை போலிருக்கிறது. ஈரத்தோடு விற்கிற நாடு, காய வைத்து விற்கிற நாடு என்று இரண்டு ஜாதி. பெரிய பெரிய ஆட்கள் புத்தகம் போட்டிருப்பார்கள். எனக்குப் புரிந்தது இவ்வளவு. தப்பென்றால் யாராவது எங்கள் தெருவுக்கு வந்து சொல்லட்டும், டீ தருகிறேன்.

மறு ஆய்வுக்கு ஆள் வந்தது, களமும் வந்தது. திட்டத்தின் பெயர் எழுதிய போர்டு களத்தைவிடப் பெரிசு. ஒரு மூலையில் கட்டியபோதே விரிசல். மாரியம்மன் கோயில் பின்னால் இருக்கிறதென்று, முதல் வாரமே இரண்டு கல்யாண வீட்டார் பந்தல் போடக் கேட்டு வந்தார்கள். சண்டை போட்டுத்தான் அனுப்பினேன். சித்திரையில் காய் எடுக்கும்போது எங்கள் கூலிக் காயை முதல் தடவையாக அங்கே கொட்டினோம். ஆளுக்கு ஒரு பாத்தி, நடுவில் சாம்பல் கோடு. பச்சையம்மாவின் கோடு மட்டும் தினமும் கொஞ்சம் என் பக்கம் நகரும்.

நாலாம் நாள் முதலாளி டாடா ஏஸ் வண்டியோடு எங்கள் தெருவுக்கே வந்துவிட்டார். அவர் வண்டி எங்கள் தெருவுக்குள் வந்து நான் பார்த்ததில்லை.

“என்னா ஆயா, மண்டிப் பக்கமே ஆளக் காணோம்? வண்டி கொண்டாந்துட்டேன், போட்டுடலாமா?”

“இன்னும் ரெண்டு நாளு காயட்டுங்க முதலாளி.”

“ரெண்டு நாள்ல வெல எறங்கினாலும் எறங்கிடும்.”

“எறங்கினா ஏறற வரைக்கும் கெடக்கட்டும்.”

அவர் வண்டியைப் பார்த்தார், காயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மண்டியில் நேற்றைக்கு நடந்த விலைக்கு மேல் ஒரு விலை சொன்னார். நான் ஒரு காயை எடுத்துக் காதோரம் குலுக்கிப் பார்த்தேன். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் களத்து விளிம்பில் உட்கார்ந்தார். நல்ல வெயில். தலையில் போட்டுக்கொள்ள ஒரு துண்டு கொடுக்கும்படி பச்சையம்மாவிடம் சொல்லிவிட்டு, நான் போய்க் காயைக் கிளறிவிட ஆரம்பித்தேன்.